ஊர் எதுவரை

ஒரே ஒரு சொல்லுக்காக என் அம்மா என்னோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுவது எனக்குப் பிழைப்பு. அம்மா நாற்று நட்டு, களை எடுத்து எங்களை வளர்த்தவர். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு என்று என் தம்பி சொல்வான். அந்தச் சொல் ‘காலனி’.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தான். எந்த வாசலில் நின்றாலும் மலை தெரியும். கோயில், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிற்கிற இடம் எல்லாம் ஒரு பக்கம். அப்புறம் கொஞ்சம் வயல். வயலைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடுகள். அந்தப் பக்கத்துக்குப் பெயர் ஊர், எங்கள் பக்கத்துக்குப் பெயர் காலனி. அம்மா ரேஷன் வாங்கக் கிளம்பினால் “ஊருக்குப் போயிட்டு வரேன்” என்றுதான் சொல்வார். சொந்த ஊரில் இருந்துகொண்டே ஊருக்குப் போய்வருகிறவர்கள் நாங்கள். அகராதியைப் புரட்டினால் ஊர் என்பதற்கு மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்று போட்டிருக்கும். பொருள் எழுதியவர் எங்கள் வயலைத் தாண்டி வந்திருக்க மாட்டார்.

எங்கள் பள்ளிக்குச் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர், வந்த புதிதில் சாப்பாட்டு வேளையில் “நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் காலனிலதான்” என்று பெருமையாகச் சொன்னார். அவர் சொன்ன காலனியில் வாசலுக்கு வாசல் பாதாம் மரம், மரத்தடியில் கார். ஆனால் அந்த அறையில் இரண்டு பேர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவரைப் புதிதாகப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. அவர் சொன்னால் அது விலாசம், நான் சொன்னால் சாதிச் சான்றிதழ்.

வேலை கிடைத்து, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வாடகைக்கு வீடு தேடியபோதும் இதே கதைதான். என் சொந்த ஊரின் பெயரைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மா தலையைச் சாய்த்து, ரொம்ப மென்மையாகக் கேட்டார்: “ஊருக்குள்ளயா, காலனியா?” காலனி என்றேன். “சொந்தக்காரங்க யாரோ குடிவரப் போறாங்க, மறந்தே போயிட்டேன்” என்றார். அதே வேங்கிக்காலில் இப்போது எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. கட்டிய வீட்டின் முன்னால் நின்று முதல்நாள் நான் விட்ட பெருமூச்சு அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். எங்கள் மனைப்பிரிவுக்கு ஒரு பூவின் பெயரும் பின்னால் நகரும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தபோது அங்கே பூவும் கிடையாது, நகரமும் கிடையாது. எல்லைக் கல்லும் வேலிமுள்ளும்தான்.

ஆகவே, அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவிப்பு வந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் பஞ்சாயத்திலும் கிராமசபையில் பேசி வேறு பெயர் வைக்கலாம் என்றார்கள். சாயங்காலமே ஒரு கிலோ இனிப்போடு அம்மா வீட்டுக்குப் போய் நின்றேன்.

அம்மா இனிப்பைத் தொடவில்லை.

“எதுக்குடி எடுக்கறாங்க? காலனின்னா இன்னா கொறைச்சல்?”

“இன்னா கொறைச்சலா? அந்தப் பேரச் சொல்லித்தானேம்மா நம்மள ஒதுக்கி வெச்சாங்க?”

“ஒதுக்கினவன் வாய் அது. எனக்கு அது உங்க நைனா குடுத்த பேரு.”

அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அதை நான் அந்தக் கோணத்தில் கேட்டதே இல்லை. காலனி வருவதற்கு முன்னால் அங்கே இருந்தவை குடிசைகள். அவற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயரை அம்மா இன்றுவரை வாயால் சொல்வதில்லை. பிறகு அரசாங்கம் தளம் போட்ட வீடுகள் கட்டிக் கொடுத்து, காலனி என்று பெயர் வைத்தது. அப்பா அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது, சம்பந்தக்காரர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம்: “எங்களுது காலனி வூடு. மழை வந்தா ஒழுவாது.”

“அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எங்க அப்பா என்னைக் கட்டிக் குடுத்தாரு. எங்க வகையறாவுல ஓலைக் கூரைக்குக் கீழ வாழப் போவாத மொதப் பொண்ணு நானு. அதப் போயி அசிங்கமான பேருன்ற.”

ஒரே சொல். அப்பா வாயில் அது மீசை முறுக்கிக்கொண்டு நின்றது. என் காலத்தில் வீட்டுக்கார அம்மாவின் வாயில் அது தாழ்ப்பாள் ஆனது. சொல்லின் மேல் ஒரு தப்பும் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அதைப் புழங்கிப் புழங்கிக் கெடுத்தார்கள். இதை வகுப்பில் நான் எத்தனையோ முறை உதாரணத்தோடு விளக்கியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு எங்கள் கூடத்தில் அந்த அறிவு எனக்கு உதவவில்லை. கோபத்தில் “அப்ப நீயே வெச்சுக்கோ உன் காலனிய” என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்தேன். அதிலிருந்து போன் செய்தால் “ம்”, “சரி”, “வெக்கறேன்” அவ்வளவுதான்.

கிராமசபை நாள் வந்தது. எனக்கு அங்கே ஓட்டு இல்லை, வேங்கிக்காலுக்கு மாற்றிவிட்டேன். பேச உரிமை இல்லை, வேடிக்கை பார்க்கலாம் என்று பந்தலின் ஓரமாக நின்றேன். அம்மா பெண்கள் வரிசையில், கல்யாணம் காட்சிக்கு என்று எடுத்து வைத்திருந்த கரும்பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. பழைய பெயரே இருக்கட்டும் என்று எழுந்து சொல்லிவிடுவாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் எங்கள் தெருப் பிள்ளைகள் இன்னொரு தலைமுறைக்கு ‘ஊருக்குள்ளயா, காலனியா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவின் சொல்லை யாரோ வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டதாக அம்மா சாகும்வரை நினைப்பார்.

ஆளாளுக்குப் பெயர் சொன்னார்கள். தலைவர்கள் பெயர், பூக்கள் பெயர், மலையின் பெயர். எங்கள் தெரு இளைஞர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி ஆகி, குரல் உயர்ந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர், என் அப்பா இறந்தபோது வீட்டு வாசல்வரை வந்தவர். “சண்டை எதுக்கு? நல்லதா ஒரு பேரு வெச்சு, பின்னாடி நகர்னு போட்டுக்கோங்க. டவுன் கணக்கா ஜம்முனு இருக்கும்” என்றார். பலரும் தலையாட்டினார்கள்.

அம்மா எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

“ஊருக்குள்ள நீங்க இருக்கறதுக்கு இன்னா பேருங்க?” என்று அந்தப் பெரியவரையே கேட்டார்.

“எனக்கு மேட்டுத்தெரு. உனக்குத் தெரியாததா?”

“மேட்டுத்தெரு, நடுத்தெரு, பிள்ளையார் கோயில் தெரு. எல்லாம் தெரு. எங்களுக்கு மட்டும் எதுக்குங்க நகரு? காலனின்றது எங்க வூட்டுக்காரரு பெருமையா சொன்ன பேரு. அத நான் விடணும்னா, அதவிடக் கம்மியா ஒண்ணக் குடுத்தா வாங்கிக்க மாட்டேன். எங்களுதும் தெருன்னு போடுங்க. ஏரிக்கரைத் தெரு.”

ஊர்ப் பக்கத்துப் பின்வரிசையிலிருந்து ஒருவர், “தெருன்னா ஊரோட ஒட்டி இருக்கணும்மா. நடுவுல வயலு கீதே” என்றார்.

அம்மா அவசரப்படவில்லை. “அந்த வயலு யாருது?”

“ஊர்க்காரங்களுது.”

“எங்களுக்குப் பின்னாடி இருக்கற ஏரி?”

“அது ஊர் ஏரி.”

“முன்னாடி இருக்கற வயலும் ஊரு, பின்னாடி இருக்கற ஏரியும் ஊரு. நடுவுல குந்தினு இருக்கற நாங்க மட்டும் எந்த ஊருங்க?”

கைதட்டலை முதலில் யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. என் தம்பி விசிலடித்தான், வெட்கமில்லாமல் நானும் அடித்தேன். தமிழாசிரியை விசிலடிப்பதைப் பார்த்து என் பழைய மாணவி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெரியவர் மறுபடி எழுந்தார். “கேக்கறது நியாயம்தான். தெருன்னே எழுதிக்கோங்க” என்றார். கையைத் தூக்கச் சொன்னபோது ஊர்ப் பக்கத்தில் எல்லாக் கையும் எழவில்லை, ஆனால் தேவைக்கு ஜாஸ்தியாகவே எழுந்தது.

கூட்டம் கலைந்ததும் அம்மாவிடம் ஓடினேன். கட்டிப்பிடிக்கப் போனவளைத் தள்ளிவிட்டு, “அந்த இனிப்ப எறும்பு மொய்ச்சிடுச்சு. வேற வாங்கினு வா” என்றார். எங்கள் சண்டை அப்படித்தான் முடிந்தது. அந்த அம்மாவின் பெண் நான் என்று அன்றைக்குப் பந்தலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், தெரிந்தவர்களிடமும் மறுபடி சொன்னேன்.

பலகை வைக்கக் கொஞ்ச காலம் ஆனது. நீலத்தில் வெள்ளை எழுத்து, மேட்டுத்தெருவுக்கு வைத்த அதே அளவு. பலகை வைத்துவிட்டால் மனிதர் வாய் மாறிவிடும் என்று நான் நம்புகிறவள் இல்லை. இன்றும் ஷேர் ஆட்டோவில் சிலர் பழைய பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வழி கேட்டால் எங்கள் பிள்ளைகள் மட்டும் புதுப் பெயரை உரக்கச் சொல்கிறார்கள்.

போன வாரம் பள்ளி முடிந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். எப்போதும்போல எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

“ஊர்லதான் இருக்கேன்.”

ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார் என்று நினைத்தேன். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. “இந்த வெயில்ல ஏம்மா போன? இன்னா வாங்கணும்?”

“நான் எங்கடி போனேன்?” என்றார் அம்மா. “நம்ம வாசல்ல குந்தினு முருங்கைக்கீரை ஆயறேன்.”