கேட் பெயிண்டில் பிறந்த பாலன்

“…அதுக்குன்னு இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டா? ஏசு வெள்ளையா இருப்பாருடி!” என்று கத்தினார் எதிர்வீட்டு பிலோமினா அத்தை.

இன்று எங்கள் கேட்டுக்குப் பழுப்புப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்கு ஒன்பது வயதாகி, மேனாம்பேட்டில் எங்கள் பழைய வீட்டு வாசலில் நிற்கிறேன்! அத்தை ஆசையாகக் கொடுத்த குழந்தை ஏசு பொம்மையைக் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கப்போய்க் கீழே போட்டுவிட்டேன். சாயமெல்லாம் பெயர்ந்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தெருவே குடில் பார்க்க வந்துவிடும். வீட்டில் மிச்சமிருந்த ஒரே பெயிண்டை எடுத்துத் தலை முதல் கால் வரை பூசிவிட்டேன்.

“அது யூதரு ஊட்டுப் புள்ளக்கா. வெயில் காயிற ஊரு. நம்ம கலராத்தான் இருந்திருக்கும்,” என்று அப்பா எனக்காகப் பரிந்து பேசினார்.

“அப்போ இத்தினி வருசமா நான் யாரைக் கும்பிட்டுகினு கீறேன்?”

ஈரம் காயாத பாலனை அத்தை முந்தானையில் ஏந்தி, முகத்தருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்க சின்னவன் பொறந்தப்ப இதே மூஞ்சிதான் நைனா,” என்றார். பிறகு தன் கண்மையைச் சுண்டுவிரலில் தொட்டு, பாலனின் கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தார்.