அத்தை அனுப்பிய அமெரிக்கா

பள்ளி ப்ராஜெக்ட்டுக்குச் சீட்டுக் குலுக்கியதில் 'அமெரிக்கக் கலாச்சாரம்' எங்கள் குழுவுக்கு விழுந்தபோது, ஒன்பதாம் வகுப்பே வயிற்றெரிச்சலில் வெந்தது. ஜப்பான் கிடைத்தவர்களும் பிரேசில் கிடைத்தவர்களும் கூகுளில் படம் தேடி ஒட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். எனக்கோ அமெரிக்காவிலேயே அத்தை இருந்தார். அதை நான் அடக்கமாகவெல்லாம் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

குழுத் தலைவன் சஞ்சய் அங்கேயே வேலையைப் பிரித்தான். ஸ்லைடு அவன், பாட்டு ஒருத்தி, மேடையில் பேசுவது இன்னொருத்தி, அசல் அமெரிக்க வீடியோ நான்.

"உன்ற அத்தைய நம்பித்தான் எறங்கறோம். கவுத்துப்போட்டீன்னா அப்பறம் இருக்குது உனக்கு" என்றான்.

அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கை. அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவர். மாப்பிள்ளையின் பக்கத்தில் உடன்பிறந்தவள் உட்கார்ந்து செய்யும் அந்தச் சீர் முடியாமல் எங்கள் பக்கத்தில் தாலி ஏறாது. நாமக்கல்லை ஒட்டி எங்களுக்குக் கோழிப்பண்ணை. அங்கே முட்டை ஏற்ற வருகிற டிரைவர் வரைக்கும் எல்லோருக்கும் அத்தையின் கதை தெரியும். மாமா பெரிய என்ஜினியர், அத்தையை ராணி மாதிரி வைத்திருக்கிறார், ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடுவதில்லை. கதையைப் பரப்பியவர் அப்பா.

அம்மாவின் ஃபோனில் அத்தையிடம் கேட்டேன். வழக்கமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறவர், இந்த ப்ராஜெக்ட் என்றதும் குதித்துவிட்டார். தினமும் வீடியோ வந்தது. பனியில் புதைந்த கார், மஞ்சள் நிற ஸ்கூல் பஸ், காசு போட்டால் துணி துவைக்கும் கடை. நான் பெருமையின் உச்சியில் இருந்தேன். மாமாவைக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு மட்டும், "அவரு எதுக்கு சாமி? அதைவிட நல்லதா ஒண்ணு எடுத்துட்டு இருக்கறேன்" என்றார்.

அந்த நல்லது கடைசியாக வந்தது. பெட்ரோல் பங்க்கோடு ஒட்டிய கடை. கல்லாவில் சிவப்புச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு அத்தை நின்றார். கேமராவைப் பார்த்து, ஏதோ மேடையில் ஒப்பிப்பதுபோல் பேசினார்.

"இங்க எந்த வேலையும் கேவலம் இல்லைங்க. மொதலாளியே வந்து தரை தொடைப்பாரு. ஒரு பொம்பள தனியா ஊடு எடுத்து இருந்தாலும் யாரும் வந்து ஏன்னு கேக்கமாட்டாங்க. நான் அப்படித்தான் இருக்கறேன். இதுதான் அமெரிக்கா கலாச்சாரம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'உழைப்புக்கு மரியாதை', 'தனிமனித சுதந்திரம்' என்று இரண்டு பாயின்ட் எழுதி சஞ்சய்க்கு அனுப்பினேன். அவன் தீ எமோஜியாக அனுப்பித் தள்ளினான்.

"அப்பாவக் கூப்பிட்டு ஒருக்கா போட்டுக் காட்டு கண்ணு. செரியா இருக்குதான்னு பாக்கட்டும்" என்று அத்தை சொல்லியிருந்தார். மறுநாள் வகுப்பில் போடவேண்டியது. பண்ணைக் கணக்குப் பார்க்கிற லேப்டாப்பில் அப்பாவுக்கு ஓட்டிக் காட்டினேன். அப்பா சிரிப்பார், பெருமைப்படுவார் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் மறுபடியும் ஓட்டச் சொன்னார். அதுவும் முடிந்ததும் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"எதெது எங்கெங்க இருக்குது? ஃபோன்லயும் இருக்குதா?"

"ஏனுங்கப்பா?"

"என்ற தங்கச்சி பெட்ரோல் பங்க்ல நிக்கறான்னு ஊரு பூரா படம் போட்டுக் காட்டப்போறயா? மாப்பிள்ளையூட்டுப் புள்ளை உங்க இஸ்கூல்லதான படிக்குது?"

அக்காவுக்கு அப்போது பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை எங்கள் பள்ளியில் பதினொன்றாவது. ஒரு சீனியர் அக்கா ஒன்பதாம் வகுப்பு வீடியோவைப் பார்த்து, அதைத் தன் அம்மாவிடம் சொல்லி, அதனால் ஒரு கல்யாணம் நின்றுபோகும் என்று ஒரு வளர்ந்த மனிதர் பயந்தார். கத்தினேன். அழுதேன். ஃபோனைப் பிடுங்கப் போனேன். ஒன்றுவிடாமல் அழித்தார். சஞ்சய்க்கு நான் பாயின்ட் மட்டும்தான் அனுப்பியிருந்தேன், வீடியோவைக் காலையில் பென்டிரைவில் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். அம்மா வாசற்படியில் நின்று, "அப்பா சொன்னா ஒரு காரணம் இருக்கும் அம்மணி" என்றார். அந்த வாக்கியத்தை எவன் கண்டுபிடித்தானோ, அவனைத்தான் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதிலுக்கு அப்பா, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு வீடியோ எடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு.

"இதும் அமெரிக்காதான். இதைப் போடு."

அடுத்த நாள் ஸ்மார்ட் போர்டில் பட்டுப்புடவைகள் வரிசையாக வந்தன. சந்தனம், குங்குமம், ஏழு வகைச் சோறு. அதற்குப் பின்னணியில் கிடார் இசை.

"ஏ லூசு, எங்க பெரியம்மா ஊட்டு விசேசமாட்ட இருக்குது! இதுல அமெரிக்கா எங்க?" என்று சஞ்சய் காதில் சீறினான்.

"அந்த ஜன்னலுக்கு வெளிய" என்றேன். வேறென்ன சொல்ல?

நாங்கள் தோற்றிருந்தால்கூட ஆறியிருக்கும். கேவலம், முதல் பரிசே எங்களுக்குத்தான். "கடல் தாண்டிப் போயும் நம்ம கல்ச்சரை விடல பாத்தீங்களா!" என்று மிஸ் உருகினார். வகுப்பு கைதட்டியது. சர்டிபிகேட்டை அங்கேயே கிழிக்கலாமா என்றிருந்தது எனக்கு.

சாயங்காலம் அத்தை கூப்பிட்டார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

"கண்ணு, வீடியோ போட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். கிள்ளாமல் இருந்திருந்தால் ஒருவேளை சமாளித்திருப்பேன்.

"போடலீங்க அத்தை. அப்பா எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாருங்க!"

ஃபோன் கட்டாகிவிட்டதோ என்று அம்மா எடுத்துப் பார்த்தார். அப்புறம் அத்தையின் குரல் வந்தது.

"பாத்துட்டுத்தான அழிச்சாங்க?"

"ரெண்டு தடவை பாத்தாருங்க."

"கடைசி வரைக்குமா?"

"ஆமாங்க அத்தை."

"செரி சாமி. அப்பாகிட்ட ஃபோனக் குடு."

நீட்டினேன். அப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு, "பண்ணைல சோலி கெடக்குதுன்னு சொல்லு" என்று வெளியே போய்விட்டார். வண்டி கிளம்புகிற சத்தம் ஸ்பீக்கர் வழியாக அத்தைக்கும் கேட்டிருக்கும்.

மாமா வேறொருத்தியோடு போய் வெகுநாளாகியிருந்தது என்பது நான் காலேஜ் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசப்பட்டது. அண்ணனிடம் நேரில் சொல்ல வாய் வராத ஒருத்தி, அதை ஒரு பள்ளிக்கூட வேலைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாள். அனுப்பியது போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அந்த மனுசன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார் என்பதுதான் இப்போது என்னைக் கொதிக்க வைக்கிறது.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அத்தை மேல்தான் எனக்குக் கடுப்பு. அப்பா பார்த்தாரா, பார்த்தாரா என்று அத்தனை தடவை கேட்டவர், எங்களுக்கு எத்தனை மார்க் என்று ஒரு வார்த்தை கேட்கவேயில்லை.