காசி துரைக்கு நான் நட்ட கோல் போஸ்ட்

அம்பாசமுத்திரத்திலிருந்து மலையடிவாரம் வரைக்கும் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால்களின் மேல் கல்பாலங்கள். ஆற்றில் இரண்டு படித்துறை. அதில் ஒன்றை வெள்ளம் இரண்டு தடவை கொண்டுபோனது, மூன்றாம் தடவை முடியவில்லை. சங்கரலிங்கம் பிள்ளையின் அரிசி மில், புகைக்கூண்டோடு சேர்த்து. கல்யாணப் பந்தலும் கொடைப் பந்தலும் எத்தனை என்று எனக்கே தெரியாது. அப்புறம் இந்தப் பக்கத்தின் முதல் புட்பால் கிரவுண்டு. படிப்பு மூன்றாம் கிளாஸ். அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக் கூரையில் ஏறி ஓலை மாற்றிக்கொண்டிருந்தேன். தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் நானாகக் கற்றுக்கொண்டவை. அப்பா சொத்து என்று எனக்கு வந்தது ஒரு கடப்பாரை மட்டும். அதுவும் வளைந்தது.

புட்பால் கிளப்புப் பையன்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "பழைய விஷயமா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க அண்ணாச்சி" என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் இல்லை நான். இருந்தாலும் காசி துரை விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

1. எஞ்சினோடு வந்தவர்

முதல் ஜெர்மன் சண்டைக்குக் கொஞ்ச வருஷம் முன்னால் நடந்தது இது. பிள்ளையின் மில்லுக்கு நீராவி எஞ்சின் கப்பலில் தூத்துக்குடி வந்து, ரயிலில் அம்பாசமுத்திரம் வந்தது. அதைப் பூட்டிக் கொடுக்கக் கூடவே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் கஸிமிர். எங்களுக்குக் காசி துரை. இடது முட்டி மடங்காது. அந்தக் காலை வீசி வீசித்தான் நடப்பார்.

எஞ்சினுக்குப் பவுண்டேஷன் போட்டவன் நான். முதல் நாளே அவர் குழியில் இறங்கி என் மட்டத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சுருட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகம்.

பிள்ளைக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. "எந்த ஊரு தொரை நீரு?" என்று கேட்டார். "போலந்து" என்றார் துரை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து மேப்பை எடுத்துவரச் சொல்லிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்.

"ஏலே ஆறுமுகம், இதுல அப்படி ஒரு சீமையே இல்லையேலே. மேப்புல இல்லாத ஊருக்கு இவரு எப்படித் திரும்பிப் போவாரு? டிக்கெட்டு எங்க போட்டுக் குடுப்பாம்?"

துரையே விளக்கினார். அவர் நாட்டை மூன்று ராஜாக்கள் மூன்றாகக் கிழித்து எடுத்துக்கொண்டார்களாம். அவர் பிறந்த கிராக்கோ ஒரு ராஜாவிடம், வார்சா இன்னொரு ராஜாவிடம். நாடு கிழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். "மேப்புக்காரனுக்குத்தான் தெரியாது" என்றார்.

2. அவர் ஆடிய ஆட்டங்கள்

கிராக்கோவில் துரை பெரிய பந்தாட்டக்காரர். வெளிநாட்டுக்கெல்லாம் போய் ஆடியவர். அவர் நாட்டில் அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். நாம் தென்காசிக்குப் போகிற தூரத்தில் அடுத்த ராஜாவின் சீமை வந்துவிடும். பாஸ் காட்டி, போலீசிடம் "திரும்பி வருவேன்" என்று கையெழுத்துப் போட்டுத்தான் போக வேண்டும். ஒரு தடவை வார்சாவில் ஆடப் போன இடத்தில் கூட வந்த ஒருத்தன் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் டீம் ஆள் ஒருவரையும் எல்லை தாண்ட விடவில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் துரைக்கு முகம் மாறிவிடும்.

ஆட்டத்தில் அவர் பேக். அதாவது கோலுக்கு முன்னால் நின்று வருகிற பந்தை வெட்டித் தூர அனுப்புகிறவர். வியன்னாக்காரன், புடாபெஸ்ட்காரன் எல்லாரையும் நிறுத்தியிருக்கிறார். புடாபெஸ்டில் ஒரு பந்தைக் காப்பாற்றப் பாய்ந்து முட்டி போஸ்டில் மோதியது. அதோடு ஆட்டம் முடிந்து எஞ்சின் வேலைக்கு வந்தார்.

"நீரு எத்தனை கோல் போட்டீரு தொரை?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு வே போடணும்? அது அடுத்தவன் வேலை" என்றார். வாழ்நாளில் ஒரு கோல்கூடப் போட்டதில்லை. அதைப் பெருமையாகத்தான் சொன்னார். இங்கே மில் ஆட்களோடு இரண்டு வருஷம் பழகியதில் அவர் தமிழில் 'வே' தாராளமாக வரும்.

3. கிரவுண்டு

எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு சாயங்காலத்தில் துரைக்கு வேலை இல்லை. எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பந்து பழக்கினார். அக்கரையிலிருந்து கல்லிடைக்குறிச்சி அக்ரஹாரத்துப் பையன்களும் ராமசுப்பு என்பவன் தலைமையில் ஆற்றைக் கடந்து வந்து பழகினார்கள். தோல் பந்தைத் தொட்டதற்காக ஆட்டம் முடிந்ததும் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தச் சித்திரையில் துரை ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. கிராக்கோவில் ஒரு பெண் அவருக்காக நாலு வருஷமாகக் காத்திருந்தாள். இந்தக் கோடைக்குள் வராவிட்டால் மகளை ஒரு மருந்துக்கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். கொழும்புக் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் ஒரு மேட்ச் நடத்திப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டார்.

பிள்ளையின் அறுவடை முடிந்த வயலில் வரப்பை வெட்டி, மண்ணை நிரவி, மட்டம் பார்த்து, திம்சுக் கட்டை போட்டு இடித்துக் கிரவுண்டு போட்டேன். அப்புறம் போஸ்ட். என் தொழிலில் பூமியில் எதை ஊன்றினாலும் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பூசாரியைக் கூப்பிட்டுக் கால்நாட்டு நடத்தித்தான் ஊன்றுவேன். பந்தலோ கொடையோ, எனக்கு ஒன்றுதான். கோல் போஸ்டுக்கும் அப்படியே செய்தேன். மேளம்கூட வைத்தேன்.

பூசாரி சுடலைமுத்து குழியில் பால் ஊற்றிவிட்டுக் கேட்டார்: "கண்ட்ராக்டரே, எந்தக் காரியத்துக்கு நாட்டுதீரு? வாய்விட்டுச் சொல்லும்."

கூட்டம் நின்றது. கம்பீரமாகச் சொன்னேன்: "ரெண்டுல ஒண்ணு ஜெயிக்கணும். அதுவரைக்கும் இந்தக் காலு நிக்கணும்!"

எல்லாரும் கை தட்டினார்கள். பூசாரி இரண்டு டீமுக்கும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். துரையும் கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். அவர் ஊரிலும் ஆட்டத்துக்கு முன்னால் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பாராம்.

4. கோல் விழாத ஆட்டம்

எங்கள் டீமுக்குக் கோல் கீப்பர் நான். பந்தல் போட்டவன் அதன் கீழேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம். விழுந்தால் அவன் தலையிலேயே விழட்டும் என்பதுதான். துரை விசிலோடு நடுவில் நின்றார்.

ஆட்டம் முடிந்தபோது இரண்டு பக்கமும் ஒரு கோலும் இல்லை. துரைக்கு ஒரே சந்தோஷம். "அருமை! அருமை வே!" என்று எல்லாரையும் கட்டிப்பிடித்தார். அவருக்குத் தெரிந்தது தடுப்பது ஒன்றுதான். இரண்டு டீமுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். கீப்பர் போக இருபது பேரும் பேக். பந்து வந்தால் வெட்டித் தூர அனுப்புவார்கள். அங்கிருந்து இங்கே வெட்டி அனுப்புவார்கள்.

ராமசுப்பு சட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினான். பூசாரி மறித்தார்.

"எங்கன போறீரு சாமி? காப்புக் கட்டியிருக்குல்லா? நடு ஆத்தோட எல்லை முடிஞ்சிட்டு, காப்போட தாண்டப்படாது."

"எங்காத்துக்குப் போகணும் ஓய்! அம்மா தேடுவா!"

"ரெண்டுல ஒண்ணு ஜெயிக்கட்டும். காலைப் பிடுங்கி, காப்பை அவுத்துவிடுதேன். பைய நடந்து போங்க. நானா சொன்னேன்? கண்ட்ராக்டருல்லா சொன்னாரு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னது சொன்னதுதான். ஊருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் காப்போடு எல்லை தாண்டியவன் தலையில்தான் விழும். கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் அன்று ராத்திரி சத்திரத்தில் படுத்தார்கள். மறுநாள் ஆடினோம். கோல் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

அக்கரைப் படித்துறையில் அம்மாக்கள் வந்து நின்றார்கள். "ராமசுப்பு! அப்பள மாவு இடிக்க ஆள் இல்லைடா! கோந்து மாதிரி இறுகிண்டிருக்குடா!" என்று ஒருத்தி கத்துவாள். இக்கரைப் படித்துறையில் முழுக்குப் போட்டுவிட்டு அவன், "கோல் விழமாட்டேங்கறதே அம்மா!" என்று திரும்பக் கத்துவான். தூக்குச்சட்டியில் சோறும் ஊறுகாயும் பரிசலில் வரும். காலிச் சட்டி போகும். ஆட்கள் மட்டும் போகக்கூடாது.

துரைக்குச் சிரிப்பு போய்விட்டது. கப்பலுக்கு நாள் நெருங்கியது. பிள்ளையே இரக்கப்பட்டு, "நீரு தொரைதானேய்யா, கயித்தை அத்துப் போட்டுட்டு ரயிலேறும். உம்மை யாரு கேக்கப் போறா?" என்றார்.

துரை தலையை ஆட்டினார். "வார்சாவுல ஒருத்தன் தாண்டினான். மத்த பேரு கதவெல்லாம் மூடிட்டு. நான் தாண்டினா, ஊருல எவனுக்காச்சும் காய்ச்சல் வந்தா இந்தப் பையங்களைத்தான் புடிப்பாங்க. மாட்டேன் வே."

"அப்பம் கோல் அடிக்கவாது சொல்லிக் குடும்!" என்றார் பிள்ளை.

"தெரிஞ்சாத்தானே அண்ணாச்சி" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார். வியன்னாக்காரனை நிறுத்திய மனுஷர் அழுதார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் அன்றைக்கு நான் ஒரு பந்தும் விடவில்லை. கல்லிடைக்குறிச்சியிடம் தோற்று இந்த ஊரில் நடமாட முடியுமா?

5. தண்ணீர் வந்த அன்று

மறுநாள் காலை ரயிலைப் பிடித்தால்தான் துரைக்குக் கப்பல். அன்றைக்குப் பார்த்து வாய்க்காலில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தண்ணீருக்கு யாரும் காப்புக் கட்டவில்லை. மத்தியானத்துக்குள் கிரவுண்டு முழங்கால் சேறு. பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்: "ஏலே, நாத்துப் பாவணும்லே! நடு வயல்ல காலை நட்டு வச்சிருக்கியேலே, பாவி!"

சேற்றிலேயே ஆடினோம். கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு. அவன் இடத்தில் துரை இறங்கினார், அவரும் காப்புக் கட்டியவர்தானே என்று. விசிலைப் பிள்ளை வாங்கிக்கொண்டார். எப்போது ஊத வேண்டும் என்று தெரியாததால் ஊதாமலே வைத்திருந்தார்.

பொழுது சாயும் நேரம். சேற்றில் ஓடி ஓடி எல்லாரும் அங்கங்கே நட்ட மாதிரி நின்றுவிட்டார்கள். காலை இழுக்கக்கூட ஒருத்தனுக்கும் தெம்பில்லை. துரைதான் மடங்காத காலைத் துடுப்புப் போல வீசிக்கொண்டு வந்தார். அந்த நடைக்குச் சேறு ஒரு பொருட்டே இல்லை. பந்து என் கோலுக்கு முன்னால் சேற்றில் பதிந்து கிடந்தது. அவர் வந்து சேர்ந்தார். இடையில் ஒருவரும் இல்லை. அவரும் பந்தும் நானும்தான்.

காலை ஓங்கினார். ஓங்கியவர் அப்படியே திரும்பி, எனக்கு முதுகு காட்டி நின்றார். பழக்கதோஷம். கோலைக் கண்டால் பந்தை அதைவிட்டுத் தூர அடிப்பதற்கே அந்தக் கால் பழகியிருந்தது.

"தொரை! இங்கன! இங்கன பாரும்!" என்று நானே கத்தினேன்.

திரும்பினார். "நீரு நடுவுல நிக்கீரு வே. எங்கன அடிக்க?"

"நான் கீப்பருல்லா? நிக்கத்தான் செய்வேன்."

"நிக்குத ஆளைப் பாத்தா அடிக்க வரமாட்டேங்கு வே."

பின்னால் என் ஊர்க்காரர்கள், "விடாதேயும் கண்ட்ராக்டரே! விட்டீரு, ஊருக்குள்ள வராதேயும்!" என்று கூச்சல் போட்டார்கள். அக்கரையிலிருந்து அம்மாக்கள் சத்தம். துரை கண்ணில் கண்ணீரா வேர்வையா என்று தெரியவில்லை. அதுவரைக்கும் நான் நட்டு நிறுத்திய எதுவும் சாய்ந்ததில்லை. ஒரு பந்தல்கூடச் சாய்ந்ததில்லை.

வலது காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்தேன். இடது காலையும் பிடுங்கி அதன் பக்கத்தில் வைத்தேன். போஸ்டில் கை ஊன்றிக்கொண்டு, "வழி இருக்கு தொரை. பைய அடியும்" என்றேன்.

அடித்தார். பந்து சேற்றில் ஊர்ந்து, கோட்டில் கொஞ்சம் யோசித்து, உள்ளே போனது. பிள்ளை மூச்சு முட்டும்வரை விசில் ஊதினார். பூசாரி அங்கேயே காலைப் பிடுங்கிக் காப்பை அவிழ்த்தார். ஜெயித்த கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் பரிசலுக்குக்கூட நிற்காமல் ஆற்றில் குதித்து நீந்திப் போனார்கள். பிள்ளை பரிசுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளித் தட்டை வாங்க ஒருவரும் இல்லை.

காலையில் என் வண்டியில்தான் துரை ஸ்டேஷனுக்கு வந்தார். ரயிலில் ஏறியும், "நான் கோல் போட்டேன் வே, நான் கோல் போட்டேன்" என்று டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் ஏஜெண்டு மூலம் பிறகு சேதி கிடைத்தது. கல்யாணம் நடந்ததாம். மருந்துக்கடைக்காரர் விருந்துக்கு வந்திருந்தாராம்.

தொழிலுக்கு வருகிற பையன்களுக்குச் சொல்கிறேன். எதையும் ஊன்றும் முன்னால் அதைப் பிடுங்குவது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிற்கிறதே என்று வாயை விடாதீர்கள்.

இனி என் வழக்கு. கிளப்புச் சுவரில் இப்போது எழுதி வைத்திருக்கிறீர்கள்: "முதல் கோல் காசி துரை, கல்லிடைக்குறிச்சிக்காக. கோல் கீப்பர் சேற்றில் வழுக்கினார்." யார் வழுக்கினார்? அன்று முழுதும் அந்தச் சேற்றில் வழுக்காமல் நின்ற ஒரே ஆள் நான். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, ஊரே திட்டத் திட்ட, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு நகர்ந்தேன். வியன்னாக்காரன் முயன்றிருந்தாலும் அவரைக் கோல் போட வைத்திருக்க முடியாது. நான் வைத்தேன். அந்த வரியைச் சுரண்டிவிட்டு, துரை பேருக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில், "வழி விட்டவர்: ஆறுமுகம் கண்ட்ராக்டர்" என்று எழுதுங்கள். சுண்ணாம்பு நான் தருகிறேன். ஏணியும் என் வீட்டிலேயே இருக்கிறது.