முப்பத்தொன்றாம் வீட்டு ஆஜர்

பெங்களூர் எல்லையில் சந்தாபுராவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்த மூன்று மாடி பிளாக்குகள் வரிசையாக நிற்கும். நகரத்துக்கு நடுவே குடிசை போட்டிருந்தவர்களை லாரியில் சாமான்களோடு ஏற்றி வந்து அங்கே குடிவைத்தார்கள். வீடு கொடுத்தாகிவிட்டது, இனி இவர்களுக்கு மாடி வீட்டில் இருக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வாரியம் எங்கள் தொண்டு நிறுவனத்திடம் சொன்னது. ஏதோ அதுவரை அவர்கள் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த மாதிரி. நிறுவனம் அந்த வேலையை என் தலையில் கட்டியது. மாதத்துக்கு நாலு சனிக்கிழமை, எனக்கு நாலு பிளாக். அதற்குப் பெயர் குடியிருப்போர் நாள்.

பிளாக் முன்னால் ஷாமியானா கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஸ்பீக்கரைத் தண்ணீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டுவோம். டீ, பன் உண்டு. மாடியிலிருந்து குப்பையை வீசாதீர்கள், மோட்டாருக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் பேசுவேன். அவர்கள் தண்ணீர் வரவில்லை, சுவர் ஒழுகுகிறது என்று பேசுவார்கள். நான் எழுதிக்கொள்வேன். அடுத்த மாதமும் அதையேதான் எழுதிக்கொள்வேன்.

முதல் வேலை ஆஜர் எடுப்பது. அங்கே பெயர் என்பது பட்டியலில் மட்டும்தான். கதவில் எழுதியிருந்த எண் ஆளோடு ஒட்டிக்கொண்டது. "பதினாலுல கல்யாணம்", "ஒன்பதும் பத்தும் பேசிக்கிறதில்ல" என்பார்கள். நானும் மைக்கில் எண்ணைத்தான் கூப்பிடுவேன். ஆஜர் என்று குரல் வந்தால் டிக் போடுவேன். குரல் வராவிட்டால், கூட்டம் முடிந்ததும் அன்றைக்கே மேலே போய் அந்தக் கதவைத் தட்டி, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதவேண்டும். வீட்டை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டிருப்பார்களோ என்று வாரியத்துக்குச் சந்தேகம். மூன்று முறை வராவிட்டால் நோட்டீஸ்.

நோட்டீஸ் என்றால் அவர்களுக்குக் குலை நடுங்கும். ஒரு தடவை வீடு இடிபட்டுப் பார்த்தவர்கள். அதனால் வராத வீட்டுக்குப் பக்கத்து வீடு குரல் கொடுக்கும், மேல் வீட்டுக்குக் கீழ் வீடு கொடுக்கும். நாற்காலியில் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள், அநேகமாக முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஆஜர் வந்துவிடும். எனக்குக் காது என்ன செவிடா? பிழைத்துப் போகட்டும் என்று டிக் போட்டேன். அதை இரக்கம் என்று சொல்லிக்கொண்டேன். லிஃப்ட் இல்லாத கட்டடம், என் இடது முழங்கால், பிரேசர் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு மாறவேண்டிய இரண்டு பஸ், இவையும் அந்த இரக்கத்தில் சேர்த்தி.

மூன்றாம் பிளாக்கில் முப்பத்தொன்று மேல்மாடி வீடு. அதில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். கார்மெண்ட்ஸிலிருந்து வரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பார். ஒரே மகள் பீன்யாவில் ஃபேக்டரி வேலை, அங்கேயே குடித்தனம். பெங்களூரின் ஒரு கோடியில் தாய், மறு கோடியில் மகள். கூட்டத்துக்குத் தன் டம்ளரைத் தானே கொண்டுவந்து முன்வரிசையில் உட்காருவார். நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால், "டீச்சரம்மா, டீ ஆறுது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் அவரை எனக்குப் பிடிக்கும். "ஒரு தடவ மேல வந்து வீட்டப் பாருங்களேன், கர்ட்டன் தச்சுப் போட்டிருக்கேன்" என்று ஒவ்வொரு மாதமும் கூப்பிடுவார். வரேன் வரேன் என்பேன்.

அந்தச் சனிக்கிழமை முன்வரிசையில் அவர் இல்லை. நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். "முப்பத்தொண்ணு" என்றேன். "ஆஜர்" என்றது ஒரு குரல். கரகரப்பான குரல், இருபத்துமூன்றாம் வீட்டுக்காரியுடையது. முப்பத்தொன்றுக்கு நேர் கீழே குடியிருப்பவள். வயது முப்பது இருக்கும், அந்த அம்மாவோடு அப்படி ஒரு ஒட்டுதல். எனக்குக் குரல் தெரிந்தது. டிக் போட்டேன்.

அன்றைக்குப் பேச்சைக் குறைத்துப் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தோம். பாட்டு ஓடும், நிற்கும், ஒரே கூச்சல். அப்படிச் சிரித்த கூட்டம் எனக்கு அமைந்ததே இல்லை. போட்டோவெல்லாம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை கதவை உடைத்தார்கள். மகள் இரண்டு நாளாகப் போன் அடித்து, எடுக்காததால் இருபத்துமூன்றுக்குப் போன் செய்து, அதன் பிறகு நடந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்திருக்கிறார், இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. விழுந்ததும் உயிர் போகவில்லை, ஒரு நாளுக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். செய்தி கேட்டு நான் போனபோது படிக்கட்டு முழுக்கக் கூட்டம். கீழேயே நின்றுகொண்டேன். போர்வையில் வைத்து இறக்கினார்கள்.

கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். ஆஜர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சனிக்கிழமை பதினோரு மணிக்கு முப்பத்தொன்று வந்திருக்கிறது. அப்படியானால் அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டார். இருபத்துமூன்று என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழம எல்லாரோடயும் சிரிச்சுட்டு இருந்தாங்கதானே மேடம்? அது போதும்" என்று அழுதாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்லியிருக்கமுடியும் என்று நூறு தடவை யோசித்துவிட்டேன், இன்னும் தெரியவில்லை.

எனக்கும் இருபத்துமூன்றுக்கும் மட்டும்தான் உண்மைக் கணக்கு தெரியும். வெள்ளிக்கிழமை இரவே மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டதாம் அவளுக்கு. பக்கெட் என்று நினைத்திருக்கிறாள். காலையில் ஆளைக் காணாததால் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்து, நோட்டீஸ் வரக்கூடாதே என்று குரல் கொடுத்திருக்கிறாள். நாங்கள் ஸ்பீக்கர் கட்டும் குழாய் அந்தப் பாத்ரூம் ஜன்னலை ஒட்டித்தான் மேலே போகிறது. ஆக, அவர் தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருப்பார். தன் எண்ணை நான் கூப்பிட்டதையும், தனக்காக இன்னொருத்தி ஆஜர் சொன்னதையும், பாட்டு நின்று நின்று ஓடியதையும். அவரும் கூப்பிட்டிருப்பார். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்?

அடுத்த மாதம் அந்த எண்ணைத் தாண்டிவிடவேண்டும் என்று முடிவோடுதான் போனேன். முப்பது என்றதும் வாய் தன்பாட்டுக்கு முப்பத்தொண்ணு என்றுவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பிய எண் எதிர் பிளாக் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஷாமியானாவில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. எல்லாரும் மேலே அந்த ஜன்னலைப் பார்த்தார்கள். நானும் பதிலுக்காகக் காத்திருந்தேன் என்பதுதான் கொடுமை. அன்றிலிருந்து மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் குரல் விடவில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசையில் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்லும்போது பின்வரிசையிலிருந்து தனியாக ஒரு ஆஜர் கேட்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயரைக் கூவினால் கேட்கிறது. இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இருபத்துமூன்று பாதியாக இளைத்துப்போனாள். கூட்டத்துக்கு வருவாள், தன் எண்ணுக்குக்கூட வாய் திறக்கமாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். சமையலறையில் நின்றால் மேலே நடமாட்டம் கேட்கிறதென்று பாதிச் சமையலில் வெளியே வந்துவிடுவாளாம். மேல் வீடோ பூட்டிக் கிடந்தது. வீட்டை விட்டுவிட்டு எங்காவது போய்விடலாம் என்று புருஷனிடம் சண்டை போடுகிறாள் என்றார்கள். பத்து வருஷம் அலைந்து, குடிசையும் இடிபட்டுக் கிடைத்த வீடு.

போன மாதம் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். உண்மையச் சொல்லணும். அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, நீங்க மேல போய்க் கதவத் தட்டியிருப்பீங்கதானே?"

தட்டியிருப்பேன். அதுதானே என் வேலை. அப்போது உயிர் இருந்திருக்கும். இதை நினைத்துத்தான் நான் தினம் தினம் செத்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா என் தட்டலுக்காகக் காது கொடுத்துக் கிடப்பார். நான் கீழே பன் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அதை இந்தப் பெண்ணிடம் சொன்னால் இவள் பிழைக்கமாட்டாள். ஒரு பொய் சொல்லி இவளையாவது கரையேற்றுவோம் என்று தோன்றியது. என் பெயர் கெட்டால் கெடட்டும்.

"இல்லம்மா. அது உன் குரல்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் டிக் போட்டேன். நீ சொல்லலைன்னாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். முட்டி வலி. ஏதாவது ஒரு காரணத்த எழுதிட்டுக் கிளம்பியிருப்பேன்."

அதிர்ச்சி அடைவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பெருமூச்சு விட்டாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது.

"அது தெரியும்க்கா. நீங்க மேல வந்ததே இல்லையே. கீழ நின்னு யார்கிட்டயாவது கேட்டு எழுதிப்பீங்க. பிளாக்குக்கே தெரியும்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தம்மாவுக்கும் தெரியும்."

அவள் போய்விட்டாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எந்த மாதம், எந்தக் கதவைத் தட்டியிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒரு கதவும் நினைவுக்கு வரவில்லை. இத்தனை நாளும் அந்த அம்மா எனக்காகக் காத்துக் கிடந்தார் என்று நினைத்துத்தான் அழுதுகொண்டிருந்தேன். அவர் என்னை எதிர்பார்க்கவே இல்லை.