பதினோராவது மூட்டு

வெளிச்சப் பெட்டியில் வைத்த பிலிமில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. கறுப்புக் கோடு என்றால் வெடிப்பு. அப்படித்தான் படித்திருந்தேன், அறிக்கையிலும் அப்படியே எழுதினேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத எனக்கு இருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மட்டக்குளியில் ஒரு தொழிற்சாலைக்குப் புதிய நீராவிக் குழாய் போட்டார்கள். வெல்டிங் செய்த மூட்டுகளைச் சோதிப்பது என் வேலை. சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வெளியே போனதும் யாரும் கிட்ட வராதபடி மஞ்சள் கயிறு கட்டுவோம். பாரமான பெட்டிக்குள் இருக்கும், கதிர்வீசும் இரிடியம் மிளகளவுதான். தூர நின்று கைப்பிடியைச் சுற்றினால் கம்பியோடு குழாயருகே போய் நிற்கும். அதன் கதிர்கள் இரும்பை ஊடுருவி, மறுபக்கத்துப் பிலிமில் உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதினோராவது மூட்டு, கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் வெல்டிங் அண்ணையுடையது. என் அறிக்கையைப் பார்த்த பொறியியலாளர், மூட்டை வெட்டச் சொன்னார். அண்ணையை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். அண்ணை நேரே என் அறைக்கு வந்தார்.

"தங்கச்சி, எல்லாப் படத்தையும் ஒருக்காக் காட்டுங்கோ."

எரிச்சலோடுதான் காட்டினேன். நான்காவது படத்தில் அவர் விரல் நின்றது.

"இது ஆர் ஒட்டினது?"

"வேற ஆள்."

"அப்ப என்ட வெடிப்பு இங்கையும் நடந்து வந்திட்டுதோ?"

அதே கோடு, பிலிமில் அதே இடத்தில். மூட்டுக்குச் சற்று வெளியே விழுந்ததால் நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். இரண்டு பிலிமும் ஒரே உறையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எடுத்தவை. உறையைத் திறந்தேன். பிலிமோடு ஒட்டியிருக்கும் ஈயத் தகட்டில் நீளமாக ஒரு கீறல். இருட்டறையில் பிலிம் மாற்றும்போது என் நகம் பட்டிருக்கிறது. அந்தக் கீறல்தான் இரண்டு பிலிமிலும் கோடாக விழுந்திருக்கிறது.

பேசாமல் இன்னொரு படம் எடுத்து, இரண்டாம் முறை சரிவந்தது என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அண்ணையின் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. பொறியியலாளரிடம் போய் என் பிழை என்றேன்.

"ஒரு மனுசன்ட சோத்தில மண்ணைப் போடப் பாத்தீரே!" என்று எல்லோருக்கும் முன்னால் கிழித்தார். வாங்கிக்கொண்டேன்.

நல்லவேளை, மூட்டை இன்னும் வெட்டியிருக்கவில்லை. புதுத் தகடு போட்டு, திரும்பவும் கயிறு கட்டி எடுத்தோம். கழுவிய ஈரம் சொட்டச் சொட்டப் பிலிமை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு பொட்டு இல்லை! "அண்ணை, பாஸ்!" என்று கத்திக்கொண்டு முற்றமெல்லாம் ஓடினேன். ஆட்கள் சுத்தியலால் இரும்பில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். அவ்வளவு சந்தோசத்தை என் சொந்தப் பரீட்சை முடிவுகூடத் தந்ததில்லை. இன்று என் கையெழுத்தை நம்பித்தான் எத்தனையோ கொதிகலன்கள் ஓடுகின்றன. ஆனாலும் அந்த மத்தியானத்தின் மிதப்பு வேறு.

மீதி மூட்டுகளைப் படமெடுக்க வேறு ஆளை அனுப்பச் சொல்லவா என்று பொறியியலாளர் அண்ணையைக் கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம் சேர். இந்தத் தங்கச்சியே எடுக்கட்டும். பிழை விட்டா வாய் திறந்து சொல்ற பிள்ளை. அவ சரி எண்டா சரிதான்."

மிச்சமிருந்த மூட்டுகள் எல்லாவற்றையும் நானே எடுத்தேன்.