யானையைத் தொட்டுவிட்டாள்

அம்பத்தூர் நெரிசலில் யோசிக்காமல் ஆட்டோவை நுழைக்கும் வடிவு, முகப்பேர் கல்யாண மண்டபத்தில் ஒரு குதிரையை நகர்த்த மூன்று முறை யோசித்தாள். யோசிக்காமல் என்ன செய்வாள்? செஸ் போட்டியில் நாலு ஆட்டம் முடிந்து, நாலும் தோல்வி. இந்தக் கடைசி ஆட்டத்தில் டிராவாவது செய்தால்தான் ரேட்டிங் பட்டியலில் அவள் பெயர் ஏறும். இல்லாவிட்டால் கள்ளிக்குப்பம் ஆட்டோ ஸ்டாண்டில் கூட ஓட்டும் அழகேசன் வாயை யார் அடைப்பது? "சவாரிய வுட்டுட்டு செஸ்ஸு ஆடப் போறியா? இன்னாத்துக்குக்கா?" என்று சிரித்தவன் அவன்.

எதிரே பரந்தாமன், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஆரம்பம் நன்றாகவே போனது. சிப்பாய், குதிரை, மந்திரி எல்லாம் ஒழுங்காக வெளியே வந்தன. அடுத்தது கேஸ்லிங், ஒரே நகர்வில் இரண்டு காய். யானை உள்ளே வரும், ராஜா அதைத் தாண்டி ஓரத்தில் பத்திரமாக உட்காரும். சவாரி இல்லாத நேரம் ஸ்டாண்டில் ஆடுகிற மாதிரியே முதலில் யானையைத் தூக்கி வைத்தாள். பிறகு ராஜாவைத் தொட்டாள்.

"இருங்கம்மா," என்று பரந்தாமன் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் ரேகா வந்து பார்த்தாள். "முதல்ல ராஜாவத்தான் தொடணும்மா. யானையத் தொட்டுட்டீங்க, இப்ப அது மட்டும்தான் நகரும்."

"பன்னெண்டு வருசமா இப்டித்தான் ஆடிகினு கீறேன் மேடம்!"

"ரூல்ஸ் அப்படிம்மா."

பாழாய்ப்போன ஸ்டாண்டு! ராஜா நடுவிலேயே மாட்டிக்கொண்டது. பரந்தாமன் சும்மா விடுவாரா? ராணி, குதிரை, மந்திரி என்று எல்லாவற்றையும் அந்த ராஜாவின் மேல் ஏவினார். அவள் அதை ஒவ்வொரு கட்டமாக மறுபக்கம் ஓட்டினாள். கடிகாரத்தில் நாலே நிமிஷம் பாக்கி.

அப்போதுதான் கவனித்தாள். மனுஷன் படையை மொத்தமும் இந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத் தன் ராஜாவைத் தனியாக விட்டிருந்தார். ராணியை இறக்கிச் செக் வைத்தாள். அந்த ராணியை வெட்ட முடியாது, பின்னால் அவள் தொட்டுத் தொலைத்த அதே யானை காவல் நின்றது. அவர் ராஜா ஒதுங்கியது. மறுபடி செக். பழைய கட்டத்துக்கே திரும்பியது. மறுபடி செக். இந்தச் செக் ஓயப்போவதில்லை என்று புரிந்து பரந்தாமன் பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினார்.

"டிராம்மா."

மறுநாள் காலை ஸ்டாண்டில் பலகை விரிந்தது. அழகேசன் வழக்கம்போல யானையைத் தூக்கி வைத்துவிட்டு ராஜாவுக்குக் கையை நீட்டினான். வடிவு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"யானைய தொட்டுட்ட. அது மட்டும்தான் நவுரும்."

"எவன்க்கா சொன்னது?"

"லிஸ்டுல பேரு வரப்போறவ சொல்றேன். கைய எட்றா."