எண் இறங்கவில்லை

என் அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லினாக் இயந்திரத்தைக் கழற்றி மாட்டுவது அவர் வேலை. கழற்றலாமா என்று அளந்து சொல்வது என் வேலை. கதிர் நின்ற பிறகும் இயந்திரத்தின் தலைக்குள் இருக்கும் உலோகங்கள் கொஞ்ச நேரம் தாங்களே கதிர் விட்டுக்கொண்டிருக்கும். அதை அளக்க ஒரு கருவி உண்டு. அதன் முனையில் ஒரு படிகம். கதிர் பட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். கருவி அந்த மினுக்கல்களை எண்ணிக் காட்டும்.

எண் இறங்கும்வரை மாமாவை இயந்திர அறை வாசல் தாண்ட விடமாட்டேன். பதினெட்டு வருடமாக அதற்குத் திட்டு வாங்குகிறேன். "பொண்ணு குடுத்தாங்க, சரி. கூடவே ஒரு போலீஸ்காரனையும் அனுப்பணுமா?" என்பார். வாய் ஓயாத மனிதர். ஆனால் வேலையில் கெட்டி. நோயாளிகள் படுக்கும் மேசையைப் பழுதுபார்த்தால், தானே ஏறிப் படுத்து ஒருமுறை நகர்த்திப் பார்க்காமல் விடமாட்டார்.

அன்று காலை ஒரு மோட்டாரை மாற்ற வேண்டியிருந்தது. இயந்திரம் ஓடி மூன்று நாளாகியிருந்ததால், வழக்கத்துக்கு மாறாக அவரையும் கூடவே உள்ளே விட்டேன். கருவியை நீட்டியதும் எண் எகிறியது. தலையிலிருந்து விலக்கிச் சுவரோரம் கொண்டுபோனேன். இறங்கவில்லை. கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, "மாமா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன். அவர் போனார். எண் விழுந்தது.

திரும்பக் கூப்பிட்டேன். வந்தார். ஏறியது. கதிர் அவர் உடம்பிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"எப்ப ஸ்கேன் எடுத்தீங்க?"

கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நேத்து. வேற ஆஸ்பத்திரியில. இங்கன்னா எல்லாருக்கும் என்னைத் தெரியும். ஸ்கேனுக்கு ஊசியில போட்ட கதிர் மருந்து ராத்திரிக்குள்ள உடம்ப விட்டுப் போயிடும்னு நெனச்சேன்."

"எதுக்கு எடுத்தீங்க?"

"ப்ராஸ்டேட்ல கட்டி. எலும்புக்குப் போயிருக்கான்னு பாக்கணுமாம். சாயங்காலம் ரிசல்ட்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத மாப்ள. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா அவளுக்கு எதுக்கு வீண் கவலை?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு மாதமாக அக்கா அவர் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிறாள். மெத்தைதான் சரியில்லை என்று புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறாள். "அவளை என்னன்னு நெனச்சீங்க?" என்று கத்தினேன். அந்த அறையின் சுவர் ஒன்றரை மீட்டர் கான்கிரீட். வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பதில் சொல்பவர், தலையைக் குனிந்துகொண்டார். "எப்படிடா சொல்றது?"

நடைபாதை பெஞ்சில் அவரை உட்காரவைத்து, அக்காவுக்கு போன் போட்டேன். "மாமா பேசணுமாம்" என்று சொல்லி போனை அவர் கையில் திணித்தேன். அவர் சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

"ஒண்ணுமில்ல... சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"சாயங்காலம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகணும். நீயும் வா" என்றார். "தனியாப் போகப் பயமா இருக்கு."